பாட்டும் வாணமும் ஒண்ணா விழோணும்னா: டிஜே செட்டோட வாணவேடிக்கைய கோர்க்கறது எப்படி

நானு சவுண்டு சர்வீஸ்காரனுங்க. காங்கயம் தாராபுரம் பக்கம் கண்ணாலம், நோம்பி, காலேஜ் டேன்னு எங்க கூப்பிட்டாலும் பாக்ஸ் கொண்டு போய் அடுக்கறவன். வாணம் விடறவன் கெடையாது, அத மொதல்லயே சொல்லிப்போடறேன். ஆனா இப்ப ரிசப்ஷன்னா "பாட்டுக்குத் தகுந்த மாதிரி வானத்துல விரியோணும், வீடியோல பார்த்தோம்"னு கேக்கறாங்க, கேட்டா வாணக்காரர் டிஜேவக் கை காட்டறார், டிஜே என்னையக் கை காட்டறான், கடைசில பார்த்தா ஒயரு என்ற கையில தான் இருக்குது. அதனால கத்துக்க வேண்டியதாப் போச்சு. புதுசா எறங்கற சவுண்டு பசங்களுக்கும், நோம்பிக் கமிட்டில இருக்கறவங்களுக்கும் இது ஒதவும்.

மொத தடவ நாங்க பண்ணுனது ஒரு தோட்டத்து ரிசப்ஷன். நாலு நிமிஷப் பாட்டு. வாணக்காரர் வாணத்த கரண்ட்ல பத்த வெக்கற அவரோட பெட்டில நேரத்தப் பூரா ஏத்திட்டு வந்துட்டார், டிஜே லேப்டாப்புல பாட்டு, ரெண்டு பேரும் "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு கத்திட்டு ஒண்ணா அமுத்தறதுன்னு பேச்சு. மொத ஒரு நிமிஷம் சொக்கிப் போயிட்டோமுங்க. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா நழுவுது, என்னன்னு பார்த்தா டிஜே பழக்க தோஷத்துல முந்தின பாட்டோட பீட்டுக்கு மேட்ச் பண்றதுக்கு டெம்போவ, அதாவது பாட்டோட வேகத்த, 3 சதவீதம் ஏத்தி உட்டிருக்கறான். 240 செகண்ட் பாட்டு 233 செகண்ட்ல முடிஞ்சு போச்சு. மிச்சம் 7 செகண்டுக்கு வானத்துல ஏறி விரியற வாணக் குண்டுல இருக்கறதுலயே பெருசெல்லாம் பாட்டே இல்லாம தனியா வெடிக்குது. முன் வரிசைல ஒக்காந்திருந்த அப்பிச்சி ஒருத்தர், "ஏங்கண்ணு, பாட்டு முடிஞ்சு போச்சுன்னு வெடிக்காரனுக்கு ஆராச்சும் சொல்லி உடுங்களே"ன்னார்.

அன்னிக்குப் புரிஞ்சது ஒண்ணு தான். ஷோவுக்கு ஒரே கடிகாரம் தான் இருக்கோணும். பாட்டும் வெடிக்கற உத்தரவும் ஒரே ப்ளேயர்ல இருந்து கெளம்போணும், டிஜே அந்த அஞ்சு நிமிஷத்துக்கு சும்மா சத்தத்த ஏத்தி எறக்கற ஃபேடர் ஒண்ண தூக்கிக் குடுத்துட்டு கையக் கட்டிக்கோணும். இத டிஜேகிட்ட ஒத்துக்க வெக்கறது தான் இந்த வேலையிலயே கஷ்டமான வேலைன்னு நெனக்கறேன். மத்ததெல்லாம் ஒயரு.

ஆரு என்ன பண்றதுன்னு மொதல்ல பிரிச்சுக்கோங்க

வாணத்தத் தொடறது, மண்ணுல பொதைக்கறது, தீக்குச்சி மாதிரி வேல செய்யற அந்தச் சின்ன எலக்ட்ரிக் மேட்ச்ச சொருகறது, இதெல்லாம் லைசென்ஸ் இருக்கற டீம் மட்டும் தான். கடையில 60 ஷாட் 120 ஷாட் வாங்கிட்டு வந்து நாமளே ஒயரு கட்டிப் பார்க்கலாமான்னு கேக்கற பசங்க எல்லா ஊர்லயும் இருக்கறாங்க. வேண்டாமுங்க. கைக்கு ஆபத்துங்கறது ஒரு பக்கம், கடைச் சரக்கோட திரி ஒண்ணு 3 செகண்ட்ல போகும், இன்னொண்ணு 7 செகண்ட் எடுக்கும், அத வெச்சுட்டு பீட்டுக்கு எப்படி சேர்ப்பீங்க? போலீஸ், தீயணைப்பு, கலெக்டர் ஆபீஸ் அனுமதியும் ஒரு மாசம் முந்தியே ஆரம்பிச்சுருங்க.

டைம் விஷயம் சொல்லிடறேன். ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் லவுட் ஸ்பீக்கருக்கு தடை, 2000ல வந்த ஒலி மாசு விதி. வெடிக்கும் அதே 10 மணி கணக்கு தான், அது சுப்ரீம் கோர்ட் 2005ல சொன்னது. நம்ம பக்கம் ரிசப்ஷன்ல போட்டோ எடுக்கற வரிசையே ஒம்போதரைக்குத் தான் முடியும், அதனால ஷோவ 9 மணிக்குன்னு எழுதி மண்டபத்துக்காரர், போட்டோக்காரர், சமையல்காரர் எல்லாருக்கும் குடுத்துருங்க. 9:50க்கு ஆரம்பிக்கற ஷோ ஷோவே இல்ல, பதட்டம்.

எடத்தப் பார்க்கறப்ப நானும் கூடவே போயிருவேன், ஏன்னா தூரம் தெரிஞ்சா தான் பாட்டுக் கணக்கு வரும். அமெரிக்காவுல வாணவேடிக்கைக்கு என்எஃப்பிஏ 1123ன்னு ஒரு பாதுகாப்புத் தரம் இருக்குது, அதுல குண்டோட விட்டம் ஒரு இஞ்சுக்கு 70 அடி தள்ளி ஜனம் நிக்கோணும். 3 இஞ்சுன்னா 210 அடி, கிட்டத்தட்ட 64 மீட்டர். நம்ம வாணக்காரர் சொல்ற தூரம் இதவிடக் கம்மியா இருந்தா நானு அங்கயே நின்னு ரெண்டு கேள்வி கேப்பேன். அப்புறம் காத்து. ஆனி ஆடில பொள்ளாச்சி உடுமலை பல்லடம் பக்கமெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து மேக்காத்து தள்ளிட்டு வரும், காத்தாலைய அங்க சும்மாவா நட்டு வெச்சிருக்கறாங்க. அந்தக் காலத்துல வாணம் ஜனத்துக்குக் கெழக்கால இருந்தா பொகையும் பொறியும் அக்கட்டால போகும், மேக்கால வெச்சீங்கன்னா பூரா பந்தி மேல தான் எறங்கும். தை மாசம் காத்து திரும்பிக்கும், அப்ப வேற கணக்கு. தென்னோலைச் சாளை, சோளத்தட்டுப் போர், பஞ்சு குடோன் இருக்குதான்னு பாருங்க. கறிக்கோழிப் பண்ணை பக்கத்துல இருந்தா அந்த எடத்தையே உட்டுருங்க, திடுக்குன்னு சத்தம் கேட்டா கோழி பூரா ஒரே மூலைல ஏறி அமுங்கிச் செத்துப்போகும், பல்லடத்துக்காரங்களுக்கு நாஞ்சொல்லோணும்னு இல்ல. வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துப் பக்கம் இருக்கற ஊர்க்காரங்க தீவாளிக்கே வெடி போடாம பறவைக்காக சும்மா இருக்கறாங்க, அங்க போய் ஆர்டர் புடிக்காதீங்க.

பாட்ட அறுக்கறது

பாட்ட மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாட்சப்புல அனுப்புவாங்க. அத அப்படியே எடுத்துக்காதீங்க, நல்ல குவாலிட்டில வாங்கி, வேண்டிய எடத்த மட்டும் வெட்டி ஒட்டி, மொத்தம் நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒரே ஃபைலா வேவ் ஃபார்மேட்டுல சேவ் பண்ணுங்க. எம்பி3 வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்குது: எம்பி3 ஆக்கறப்ப பாட்டுக்கு முன்னால ஒரு துளி வெத்து நேரம் சேர்ந்துக்கும், அதவிட முக்கியம், பின்னால சொல்லப்போற டைம்கோட் சத்தத்த அது நசுக்கிப்போடும். ஃபைலோட ஆரம்பத்துல 10 செகண்ட் வெறுமையா உட்டுருங்க. ஏன்னா பாட்டோட மொத அடிக்கே வானத்துல பூ விரியோணும்னா குண்டு அதுக்கு ரெண்டரை செகண்ட் முந்தியே கெளம்பியிருக்கோணும், அந்த ரெண்டரை செகண்ட் ஃபைல்ல இருந்தா தானுங்க கெளம்பும்?

ஃபைல் ஒருக்கா முடிவாச்சுன்னா அப்புறம் அரை செகண்ட் கூட அறுக்கக் கூடாது. மாமனுக்கு புடிச்ச வரி இல்லையேன்னு கடைசி நாள் வருவாங்க. வரட்டும்.

குறி போடறதுக்கு ஆடாசிட்டி போதும், காசில்லாத சாஃப்ட்வேர். பாட்ட ஓட உட்டு, எங்கெங்க அடி விழுதோ அங்கங்க கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அமுத்துனா ஒரு லேபிள் விழும். மனுசன் கை எப்படியும் கொஞ்சம் முன்ன பின்ன தான் அமுத்தும், அதனால பின்னால ஒவ்வொண்ணா ஜூம் பண்ணி அலை எந்திரிக்கற எடத்துக்கு நகத்துங்க. எல்லாம் முடிஞ்சதும் லேபிள எக்ஸ்போர்ட் பண்ணுனா செகண்ட் கணக்கோட ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும், அத வாணக்காரருக்கு அனுப்புங்க. அவர் ஃபினாலே 3டி மாதிரி வாண ஷோவுக்குன்னே இருக்கற சாஃப்ட்வேர் வெச்சிருந்தா அதுல ஏத்திக்குவார், இல்லைன்னா பேப்பர்ல எழுதிக்குவார், ரெண்டும் நடந்திருக்குது.

புதுசா பண்றவங்க எல்லா பீட்டுக்கும் ஒரு குறி போடுவாங்க. 120 பிபிஎம் பாட்டுன்னா, அதாவது நிமிஷத்துக்கு 120 பீட், அரை செகண்டுக்கு ஒண்ணு, நாலு நிமிஷத்துக்கு 480. அத்தனைக்கும் வெடி போட்டா ஆரு காசு குடுக்கறது? பாட்டு மாறுற எடம், தவில் எறங்கற எடம், சட்டுன்னு நிக்கற எடம், இது மட்டும் பக்காவா விழுந்தாப் போதும், நடுவுல கொஞ்சம் அங்க இங்க இருந்தாலும் பார்க்கறவங்களுக்கு எல்லாமே பாட்டோட போற மாதிரி தான் தெரியும். சும்மா இருக்கற எடமும் வேணுமுங்க. மெல்லிசா பாடற எடத்துல வானம் இருட்டா இருந்தா தான் அடுத்து விழறது எடுபடும்.

வெளிச்சம் ஒரு கணக்கு, சத்தம் ஒரு கணக்கு

இங்க தான் நெறைய பேரு கோட்டை உடறாங்க. பட்டன் அமுத்தற நேரமும் வானத்துல விரியற நேரமும் ஒண்ணு இல்ல. கைக்கணக்கா இஞ்சுக்கு 100 அடி ஒசரம் போகும்னு வாணக்காரங்க சொல்லுவாங்க, 3 இஞ்சு குண்டு சுமாரா 300 அடி, அது ஏறி விரியறதுக்கு ரெண்டரை செகண்ட் பக்கத்துல ஆகும். தரையில இருந்து பீச்சற பூச்சட்டி மாதிரி அயிட்டம் ஒடனே வரும். அதனால ஒரே அடிக்கு ரெண்டும் சேர்ந்து விழோணும்னா குண்டுக்கு அடி விழறதுக்கு முன்னாடியே உத்தரவு போகோணும், தரை அயிட்டத்துக்கு அடி விழற நேரத்துல. ஒவ்வொரு கம்பெனிச் சரக்குக்கும் இது மாறும், டப்பால எழுதியிருக்கறத நம்பாம வாணக்காரர ஒரு குண்டு சோதனைக்கு உடச் சொல்லி போன்ல வீடியோ எடுங்க. 30 ஃப்ரேம் வீடியோல கெளம்பற பளிச்சுல இருந்து விரியற வரைக்கும் ஃப்ரேம எண்ணுனா 78 வருதுன்னா 2.6 செகண்ட். அவ்வளவு தான் சோதனை.

சத்தம் தனி. நம்ம வெக்கைக்கு சத்தம் செகண்டுக்கு 350 மீட்டர் போகும், 35 மீட்டருக்கு 0.1 செகண்ட்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஜனம் நிக்கற எடத்துல இருந்து குண்டு விரியற எடம் வரைக்கும் சாய்வா 120 மீட்டர் இருந்தா வெளிச்சம் ஒடனே தெரியும், டமால் மட்டும் 0.3 செகண்டுக்கு மேல பின்னால வரும். 120 பிபிஎம் பாட்டுல அது அரை பீட்டுக்கு மேல. அப்ப எத பாட்டோட சேர்க்கறது? கலர் குண்டுன்னா வெளிச்சத்த. வெறும் சத்த வெடின்னா சத்தத்த, அதுக்கு இன்னும் 0.3 முந்தி உத்தரவு போகோணும். ஸ்பீக்கர்ல இருந்து ஜனத்துக்கு வர்ற நேரமும் இதே கணக்கு தான். எல்லாருக்கும் கரெக்டா விழாதுங்க, ஒரு எடத்த முடிவு பண்ணிக்கோணும். நாங்க கூட்டத்துக்கு நட்ட நடுவுல ஒரு சேரப் போட்டு அங்க இருந்து அளக்கறோம். மாப்பிள்ள பொண்ணு மேடையிலயே நிக்கறாங்கன்னா அந்த சேர் மேடைக்குப் போயிரும், பில் கட்டறது அவங்க தானே.

ஒயரு

ரெண்டு வழி இருக்குது. மொத வழி டைம்கோட். ஸ்டீரியோ ஃபைல்ல எடது பக்கம் பாட்டு, வலது பக்கம் எஸ்எம்பிடிஇ டைம்கோட். டைம்கோட்ங்கறது ஒரு சத்தம் தான், பழைய ஃபேக்ஸ் மெஷின் கத்தற மாதிரி கர்ர்ருன்னு இருக்கும், ஆனா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இப்ப மணி என்னன்னு அதுக்குள்ள எழுதியிருக்கும். வாணப் பெட்டி அத கேட்டுக்கிட்டே இருந்து அந்தந்த நேரத்துக்கு அந்தந்த வாணத்துக்குப் போற லைன உடும். 24, 25, 29.97, 30னு ஃப்ரேம் கணக்கு இருக்குது, எதுன்னாலும் பரவால்ல, ஃபைல்லயும் பெட்டிலயும் ஒண்ணா இருக்கோணும்.

லேப்டாப்புல ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் போட்டு ரெண்டு அவுட்ட தனித்தனியா எடுங்க. எடது அவுட் டிஐ பாக்ஸ் (ஒயர்ல இரைச்சல் ஏறாம சிக்னல மாத்திக் குடுக்கற சின்னப் பெட்டி) வழியா டிஜே மிக்சருக்கோ, அதவிட நல்லது நேரா மெயின் மிக்சர்ல ஒரு தனி சேனலுக்கோ. மோனோ தான், ஆனா ரெண்டு பக்க பாக்ஸுலயும் வர்ற மாதிரி மிக்சர்ல எடது வலது பிரிக்கற பேன் திருகிய நடுவுல வெச்சுக்கோங்க. வலது அவுட் எக்ஸ்எல்ஆர் ஒயர்ல (மைக்குக்குப் போடற மூணு பின் ஒயரு) நேரா வாணக்காரர் பெட்டிக்கு, 100 மீட்டர் போனாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த லைன் எந்த மிக்சரோட ஈக்யூ, எஃபெக்ட், லிமிட்டர்னு சத்தத்த மாத்தற எது வழியாவும் போகக் கூடாது. தப்பித் தவறி மெயின் பாக்ஸுக்குப் போச்சுன்னா அந்தக் கர்ர்ர் சத்தத்துல பாதி ஒறம்பரை சாப்பிடாமயே கெளம்பிரும்.

டிஜே கன்ட்ரோலர்ல ஒரு டெக்குல ஃபைலப் போட்டு ஓட்டிக்கலாம்னு டிஜே சொல்லுவான். சிங்க், டெம்போ, கீ லாக்னு பாட்டோட வேகத்தையும் சுருதியையும் கையாளற பட்டன் எல்லாமே அங்க பகையாளி. டெம்போவ 1 சதவீதம் நகத்துனாலே அஞ்சு நிமிஷத்துல 3 செகண்ட் போச்சு. தனி லேப்டாப் தான் வேணும், அது வேற ஒண்ணும் பண்ணக் கூடாது: வைஃபை ஆஃப், அப்டேட் ஆஃப், ஸ்லீப் ஆஃப். போன்ல இருந்து ஓட்டறதப் பத்திப் பேசவே வேண்டாம், ஒரு கோயில்ல பாட்டு நடுவுல கமிட்டித் தலைவருக்கு கால் வந்து ரிங்டோன் ஊருக்கே கேட்டுது. ப்ளூடூத் எங்கயுமே கூடாது, அதுல மட்டும் 0.1ல இருந்து 0.25 செகண்ட் வரைக்கும் காணாமப் போகும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி.

தோட்டத்துல கரண்ட் ஜெனரேட்டர்ல தான் வரும். லைட்டு, சமையல் கிரைண்டர், ஆம்ப் எல்லாம் ஒரே லைன்ல இருந்தா உம்முன்னு ஒரு சத்தம் ஒயர்ல ஏறும், டிஐ பாக்ஸுல கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கும், அத தட்டிப் பாருங்க. லேப்டாப்பும் வாணப் பெட்டியும் பேட்டரிலயோ யுபிஎஸ்லயோ ஓடட்டும்.

ரெண்டாவது வழி காசு கம்மி. வலது பக்கம் டைம்கோடுக்குப் பதிலா உங்க கொரல்ல "பதினேழு… மூணு, ரெண்டு, ஒண்ணு, போ"ன்னு எண்ணிப் பதிவு பண்ணி (பதினேழுங்கறது லைன் நம்பர்), அத வாணக்காரர் ஹெட்போனுக்கு ஒயர்லயே குடுத்துருங்க. அவர் கேட்டுட்டு கையால சுவிட்ச் போடுவார். 0.2 செகண்ட் முன்ன பின்ன ஆகும், சின்ன நோம்பிக்கு அது தாராளம். வாக்கி டாக்கில குடுக்காதீங்க, மொத எழுத்து எப்பவும் வெட்டுப்படும்.

வள்ளி கும்மி, பெருஞ்சலங்கையாட்டம், தப்பட்டை மாதிரி நேர்ல அடிக்கறதுக்கு டைம்கோட் நெனச்சே பார்க்காதீங்க. வாத்தியார் உற்சாகமானா வேகம் தானா ஏறும், அது தான் அந்த ஆட்டத்தோட அழகே, அத போய் மெஷினுக்குக் கட்டுப்படுத்தச் சொன்னா நம்மளத் தொரத்தி உடுவாங்க. அங்க வாணக்காரர் பக்கத்துல ஆட்டம் தெரிஞ்ச ஒருத்தர நிக்க வெச்சு, தட்டு மாறுறப்ப கையக் காட்டச் சொல்லுங்க.

மண்டபத்துக்குள்ளன்னா வாணமே கெடையாது, பொறி பீச்சற கோல்டு பைரோ மெஷின் தான் (கோல்டுன்னா குளிர்ச்சி), அத லைட்டுக்காரர் லைட்ட இயக்கற டிஎம்எக்ஸ்லயே ஓட்டிக்குவார், சூடேற சில நிமிஷம் முந்தியே போட்டு வெக்கோணும். பேரு தான் கோல்டு. மெஷின் வாய்க்கிட்ட கை வெச்சா சுடும், பட்டுச் சீலையும் பிளாஸ்டிக் பூவும் தள்ளியே இருக்கட்டும்.

ஒத்திகை, அப்புறம் அன்னிக்கு ராத்திரி

பொழுதோட, ஜனம் வர்றதுக்கு முந்தி, வாணம் ஒண்ணும் இணைக்காம பாட்ட முழுசா ஒருக்கா ஓட்டுங்க. பெட்டில லைன் நம்பர் ஒவ்வொண்ணா எரியறத வாணக்காரர் பார்த்துக்குவார், நீங்க கூட்டத்து நடுவுல சேர்ல ஒக்காந்து கேளுங்க. பாட்டு பத்து மடங்கு சத்தமா இருக்கோணும்னு இல்ல, ஆனா வெடிச் சத்தத்துக்கு நடுவுல வரி கேக்கோணும், அதனால டிஜே அதுவரைக்கும் ஓட்டுன லெவல விட கொஞ்சம் ஏத்தம் வெச்சு, அந்த ஃபேடர் எடத்துல டேப் ஒட்டிருங்க.

கட்டாயம் பேசி வெக்க வேண்டியது ஒண்ணு இருக்குது: டைம்கோட் நடுவுல அறுந்தா பெட்டி என்ன பண்ணும்? சிலது நின்னுரும், சிலது தன்னோட கடிகாரத்துல அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். ஆராச்சும் ஒயர்ல தடுக்கி உழுந்து லேப்டாப் ஆஃப் ஆயிருச்சு, ஆனா குண்டு மட்டும் போயிட்டே இருக்குதுன்னா எப்படி இருக்கும். நிக்கற மாதிரியே செட் பண்ணச் சொல்லுங்க. நிறுத்து பட்டன் வாணக்காரர் கையில, அவர் எதுக்கு நிறுத்துனாலும் ஆரும் ஏன்னு கேக்கக் கூடாது. அவர் நிறுத்துனா பாட்டு ஓடிட்டே இருக்கட்டும், ஜனத்துக்குத் தெரியவே தெரியாது.

ஷோவுக்கு அஞ்சு நிமிஷம் முந்தி டிஜே மைக்ல சொல்லி ஜனத்த தடுப்புக் கயித்துக்கு இந்தப் பக்கம் கொண்டு வரோணும், கொழந்தைக யாரும் உள்ள இல்லைன்னு வாணக்காரர் சரி சொன்ன பொறகு தான் நானு ப்ளே அமுத்துவேன். அமுத்துனதுக்கு அப்புறம் 10 செகண்ட் ஒண்ணுமே கேக்காது. அந்த 10 செகண்ட்ல டிஜே "ஹலோ, பாட்டு வரலைங்களா"ன்னு ஃபேடரத் தொடுவான். தொட உடாதீங்க.

முடிஞ்சதும் வெடிக்காத குண்டு இருக்கும், கட்டாயம் ஒண்ணு ரெண்டு இருக்கும். வாணக்காரர் டீம் மட்டும் தான் கொஞ்ச நேரம் உட்டு, தண்ணியோட போகோணும், செல்ஃபி எடுக்கற மச்சானெல்லாம் கயித்துக்கு வெளிய. என்ற நோட்டுல அன்னிக்கு எத்தன அடி, எந்தச் சரக்கு, எத்தன செகண்ட் முந்தி உட்டோம், எது முந்துச்சு எது பிந்துச்சுன்னு எழுதி வெச்சுக்குவேன், வீடியோவப் பார்த்து அடுத்த தடவைக்குத் திருத்திக்கலாம். விடிஞ்சதும் வெளிச்சத்துல காடு பூரா இன்னொருக்கா நடந்து பார்த்து, காயிதம், அட்டைத் துண்டு, ஒயர்த் துண்டு எல்லாத்தையும் பொறுக்கோணும். தோட்டத்துக்காரர் காலைல எட்டு மணிக்கு மாட்ட அவுத்து உடுவார், அதுக்குள்ள முடிச்சுருங்க.